சங்கம் யாருடையது?

(பழனிசெட்டிபட்டியில் மில் தொழிலாளர்களும், சுமை தூக்குவோரும், மலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்வோரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



தலைமை வகித்த தோழர் நம்மைப்பற்றி நாலு வார்த்தை அதிகமாகவே சொல்லிவிட்டார். அதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியையும் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். நாம் இப்போது சொல்லப்போவதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக ஒன்றையும் நம்பவேண்டியதில்லை. உங்கள் அனுபவத்தோடு ஒத்துப் பார்த்து, சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

தொழிலாளர் சங்கத்தைப்பற்றிப் பேசும்படி சொல்லியிருக்கிறீர்கள். சங்கம் என்றவுடன் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? மில் வாசலில் ஒரு கொடிக்கம்பம். அதன்கீழ் ஒரு பலகை. பலகையில் தலைவர் பெயர் பெரிய எழுத்தில். வருஷத்துக்கு ஒருதரம் போனஸ் சமயத்தில் அவர் காரில் வருவார். முதலாளி அறைக்குள் போவார். நாம் வெளியே வெயிலில் நிற்போம். கதவு திறக்கும். அவர் ஒரு எண்ணைச் சொல்லுவார். நாம் கைதட்டுவோம். அந்த எண் எப்படி வந்தது, நாம் கேட்டது எவ்வளவு, கம்பெனியின் லாபம் எவ்வளவு என்று கேட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த நாம் விரும்பவில்லை.

கோயிலில் என்ன நடக்கிறது? உள்ளே ஒரு மூடிய அறை. வெளியே நாம். நடுவில் ஒரு பூசாரி. நாம் சொல்லுவதை அவர் உள்ளே சொல்லுவதாகவும், உள்ளிருந்து வருவதை நமக்குக் கொடுப்பதாகவும் ஏற்பாடு. இது பித்தலாட்டம் என்று மேடைமேல் பேசுகிற நாமே, மில் வாசலுக்குப் போனதும் இன்னொரு பூசாரியை வைத்துக்கொண்டு அவர் தட்டில் சந்தா போடுகிறோம் என்றால், நம்முடைய பகுத்தறிவு எந்தமட்டில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

தலைவர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியிலிருந்து ஒரு தலைவர் வந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. அந்தச் சரித்திரத்தை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1918ஆம் வருஷம் ஏப்ரல் 27ந் தேதி சென்னையில் தொழிலாளர் சங்கம் ஒன்று ஆரம்பமாயிற்று. இந்தியாவிலேயே ஒழுங்கான முறையில் ஏற்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்லுகிறார்கள். அது எங்கே முளைத்தது தெரியுமா? பெரம்பூரில் ஒரு பஜனை சபையில்! பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் வேலைசெய்து களைத்து வந்த ஜனங்கள் பகவான் கதை கேட்க அங்கே கூடுவார்கள். கதை முடிந்ததும் அவர்கள் பேசிக்கொண்டது பகவானைப்பற்றி அல்ல. நடுப்பகல் சாப்பாட்டுக்கு அரைமணி நேரந்தான் விடுகிறான், அதற்குள் கை கழுவி வாயில் போட முடியவில்லை, ஒரு நிமிஷம் தாமதித்தால் கதவைச் சாத்திவிடுகிறான், மேஸ்திரி அடிக்கிறான், என்றுதான் பேசிக்கொண்டார்கள். சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள். அதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். அவர்கள் வாடியாவிடம் போனார்கள். அவர் அன்னிபெசண்டு அம்மையாரின் பத்திரிகையில் இருந்தவர், பம்பாய்ப் பக்கத்துப் பார்சிக்காரர், தொழிலாளியுமல்ல, தமிழருமல்ல. அவர் தலைவரானார். திரு.வி.க. துணை நின்றார்.

ஏன் வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட்டார்கள்? மில்லுக்குள்ளிருந்து ஒருவன் வாயைத் திறந்தால் மறுநாள் அவனுக்கு வேலையில்லை. வெள்ளைக்கார மானேஜரிடம் இங்கிலீஷில் பேசத் தெரிந்தவனும் உள்ளே கிடையாது. ஆகவே சீட்டுக் கிழிக்க முடியாத ஒருவர் வேண்டியிருந்தது. அன்றைக்கு அது நியாயம்.

ஆனால் அதிலிருந்த பலவீனம் இரண்டே வருஷத்தில் வெளிப்பட்டது. 1920 டிசம்பரில் தகராறு முற்றி, போலீஸார் சுட்டதில் தொழிலாளர் இறந்தார்கள். முதலாளி என்ன செய்தான்? ஆயிரக்கணக்கான தொழிலாளர் பேரில் வழக்குப் போடவில்லை. சங்கத் தலைவர் வாடியா பேரில் போட்டான். தொழிலாளியை வேலைக்குப் போகாமல் தூண்டி நஷ்டம் விளைவித்தார் என்று சென்னை ஹைக்கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கினான். அப்போது சங்கத்துக்குச் சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ராஜி ஏற்பட்டு, வாடியா அந்தச் சங்கத்தை விட்டு விலகும்படி ஆயிற்று. ஒருவர் தலையில் வைத்த சங்கத்தை அடக்க ஒருவர் கையைப் பிடித்தால் போதும். இந்த வழக்கின் விளைவாகத்தான், சங்கத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டுமென்ற கிளர்ச்சி பலப்பட்டு, 1926ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

அதற்கு நடுவில் 1921இல் நடந்ததை நாம் மறைக்கப்போவதில்லை. தொழிலாளர் மேடைகளில் இதைச் சாதாரணமாக மறைத்துவிடுகிறார்கள். அந்த வருஷம் அதே மில்களில் மறுபடியும் வேலைநிறுத்தம், மாதக்கணக்கில் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். உடனே அவர்களைக் கருங்காலி என்றார்கள். புளியந்தோப்புச் சேரியில் வீடுகள் கொளுத்தப்பட்டன. கலகம், துப்பாக்கிப் பிரயோகம், சாவு. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது. சங்கம் எழுந்திருக்க வெகுகாலம் ஆயிற்று.

அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்று யாராவது கேட்டார்களா? மாதக்கணக்கில் அடுப்பெரியாமல் இருக்க, கையில் கொஞ்சமாவது நிலமோ, நகையோ, கடன் கொடுக்க நாலு பேரோ வேண்டும். சேரியில் அது ஏது? முதலாளியும் சர்க்காரும் அவர்களைப் பிரித்து வைத்தார்கள் என்பது மெய்தான். ஆனால் பிரிப்பதற்குப் பிளவு முன்னாடியே இருந்ததா, இல்லையா? தெருவில் தள்ளி நில் என்று சொன்னவன், தறிக்குப் பக்கத்தில் வந்ததும் ‘தோழா, என்னோடு சேர்ந்து பட்டினி கிட’ என்றால் எவன் நம்புவான்? முதலாளி புதிதாக ஆப்பு அடிக்கவில்லை. வெடித்திருந்த மரத்தில் அடித்தான்.

இது சென்னைக்கதை, நூறு வருஷத்துக்கு முந்தியது என்று சொல்லிவிடாதீர்கள். நாமே இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு நூல் மில்லில் ரிங் பிரேமில் வருஷக்கணக்காக நின்றவர்கள். மில்லின் பெயர் இங்கே அவசியமில்லை. அங்கே ஒரு சங்கம் இருந்தது. நாமும் மாதந்தவறாமல் சந்தா கொடுத்தோம். கூட்டிப் பெருக்குகிறவர்களையும் கக்கூசு கழுவுகிறவர்களையும் அதில் சேர்க்கவில்லை. கேட்டதற்கு, ‘அவர்கள் காண்டிராக்டு ஆட்கள், மில் ஆட்கள் அல்ல’ என்று பதில் வந்தது. சட்டம் பேசுகிற மாதிரி இருந்தது. ஆனால் பேல் இறக்குகிற காண்டிராக்டு ஆட்களை மட்டும் எப்படியோ சேர்த்திருந்தார்கள். அவர்கள் வேறு தெரு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு வருஷம் ஆயுதபூஜைக்குச் சங்கப் பணத்தில் பந்தல், மேளம், பொரிகடலை எல்லாம் தடபுடலாக நடந்தது. கார்டிங் யந்திரத்துக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். அடுத்த மாதமே அந்த யந்திரம் ஒரு பையனுடைய இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது. பாதுகாப்பு மூடி கழன்று கிடந்தது எல்லோருக்கும் தெரியும். அதை மாட்டச் சொல்லி ஒரு கடுதாசி எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. மாலை போடத் தோன்றியது. நமக்கும் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். அந்தப் பையனுக்காக ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்கு நடந்தவர் சங்கத்துக் காரியதரிசி அல்ல. அவன் தாயார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948ஆம் வருஷமே வந்துவிட்டது. அது தொழிலாளிக்குத் தெரியாமல் இருப்பதற்காகவா சங்கம்?

அப்போதுதான் நாம் முதல்முதலாகக் கணக்குக் கேட்டோம். ‘எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?’ என்றார்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அன்றைக்கு நாம் செய்ததுதான் பெரிய தப்பு. நம்பிக்கை வேறு, கணக்கு வேறு. அப்பன் மகனுக்கும் கணக்கு எழுதுகிற ஊர் இது.

சரி, இப்படிப்பட்ட சங்கத்தை உறுப்பினர்கள் என்ன செய்யமுடியும் என்று கேட்பீர்கள். அதற்கு நம் தலைக்குமேல் இருக்கிற மலையைப் பாருங்கள்.

போடிமெட்டு ஏறிப் பூப்பாறை தாண்டினால் மூணாறு. அங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர்கள் யார்? பெரும்பாலும் நம்முடைய ஜனங்கள். தலைமுறைகளுக்கு முன் கங்காணி முன்பணம் கொடுத்து மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து மலைக்குக் கொண்டுபோன குடும்பங்கள்; அவர்களில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட வகுப்பார். அங்கே சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. மூன்று பெரிய கட்சிகளுக்கு மூன்று பெரிய சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டடம், கொடி, தலைவர். ஒவ்வொரு பெண்ணின் சம்பளத்திலும் சந்தா. கிள்ளுகிறவர்கள் பெண்கள், பேசுகிறவர்கள் ஆண்கள்.

2015ஆம் வருஷம் கம்பெனி 10 சதவீதம் போனஸ் என்று அறிவித்தது. அதற்கு முந்தின வருஷம் 19 சதவீதம். நாட்கூலி 232 ரூபாய். சங்கத் தலைவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்ற செய்தி லயங்களில் பரவிற்று. செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு மலையிலிருந்து இறங்கினார்கள். எந்தத் தலைவரும் கூப்பிடவில்லை. பத்துப் பேர், நூறு பேர், பிறகு ஆயிரக்கணக்கில். மூணாறு பட்டணத்தில் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்கள் ஆதரவு தெரிவிக்க வந்தபோது, பக்கத்தில் வரக்கூடாது என்று விரட்டினார்கள். ஆண்களைக்கூடத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். குடித்துவிட்டுக் கலகம் செய்து போராட்டத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். (ஆண் தோழர்கள் இதைச் சிரிக்காமல் யோசிக்கவேண்டும்.) ‘பெண்கள் ஒற்றுமை’ என்பதைத் தங்கள் மலைப் பேச்சில் ‘பெம்பிளை ஒருமை’ என்று வைத்துக்கொண்டார்கள். கம்பெனி தங்களைச் சுரண்டுகிறது என்பதோடு, அந்தச் சுரண்டலுக்குச் சங்கம் துணை போகிறது, நாங்கள் ஒற்றை அறை லயத்தில் கிடக்க எங்கள் சந்தாவில் வளர்ந்தவர்கள் வசதியாக இருக்கிறார்கள் என்பதும் அவர்களுடைய குற்றச்சாட்டு.

ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். கடைசியில் கேரள முதல்மந்திரி உம்மன் சாண்டி நேரில் பேச்சு வார்த்தை நடத்தவேண்டியதாயிற்று. கேட்ட 20 சதவீதம் கிடைத்தது. பிறகு நாட்கூலி 500 வேண்டுமென்று போராட்டம். பழைய சங்கங்களும் வேறு வழியில்லாமல் தாங்களும் வேலைநிறுத்தம் அறிவித்தன. அக்டோபரில் தேயிலைக்கு 301 ரூபாய் என்று முடிந்தது. 500 கிடைக்கவில்லை. ஆனால் 232 என்பது 301 ஆனது சும்மா ஆனதல்ல.

இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நீங்கள் நன்றாகக் கைதட்டுவீர்கள். ஆனால் மிச்சத்தையும் சொல்லியாகவேண்டும். அந்த ஒற்றுமை அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் பிளந்தது. முன்னின்ற பெண்களுக்குள் மனஸ்தாபம் வந்தது. ஒருவரை ஒரு கட்சி இழுத்தது, இன்னொருவரை இன்னொன்று இழுத்தது. பழைய சங்கங்கள் தங்கள் நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்துகொண்டன. ஏன்? கோபம் ஒன்பது நாள் தாங்கும். ஒன்பது வருஷம் தாங்க, தினப்படி வேலை வேண்டும். ரசீதுப் புத்தகம் வேண்டும். டிவிஷனுக்கு டிவிஷன் ஒரு பொறுப்பாள் வேண்டும். மாதக் கூட்டம் வேண்டும். யார் போனாலும் அடுத்த ஆள் தயாராக இருக்கவேண்டும். அந்தப் பெண்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. விடியுமுன் எழுந்து வீட்டு வேலையை முடித்து, பகலெல்லாம் கொழுந்து கிள்ளி, இருட்டில் திரும்பிச் சோறாக்குகிற பெண்ணுக்கு, ரசீதுப் புத்தகம் எழுத நேரம் எங்கே? அவள் வீட்டு ஆண்பிள்ளை அந்த நேரத்தைக் கொடுத்தானா என்றுதான் கேட்கவேண்டும்.

தினப்படி வேலை என்றால் என்ன என்பதற்கு இன்னொரு உதாரணம். திண்டுக்கல் பக்கத்தில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்த ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் 2021 சனவரியில் கொல்லப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டவன் மேற்பார்வையாளன். பெண்களே தலைமை வகிக்கிற ‘தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன்’ என்ற சங்கம் அதை விடவில்லை. அந்தத் தொழிற்சாலையிலிருந்து துணி வாங்குகிற எச் அண்டு எம் முதலிய சீமைக் கம்பெனிகள் வரைக்கும் போய், 2022இல் ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கிற்று. அதில் நமக்கு முக்கியமானது ஒன்று. தையல் வரிசையிலேயே வேலைசெய்கிற பெண்களில் சிலரைப் பொறுக்கி, பயிற்சி கொடுத்து, சங்கத்தின் கண்ணும் காதுமாக அங்கேயே நிறுத்தினார்கள். மேஸ்திரி கெட்ட வார்த்தை சொன்னால், கையைப் பிடித்தால், ஒதுங்கப்போக விடாமல் நிறுத்தினால், அடுத்த மெஷினில் இருக்கிற தோழியிடம் அப்போதே சொல்லலாம். அவள் அதை எடுத்துக்கொண்டு பேசுவாள். பேசியதற்காக அவளைப் பழிவாங்கக்கூடாது என்பதும் உடன்படிக்கையில் உண்டு. ஆபீசில் பெட்டி வைத்து ‘புகார் போடுங்கள்’ என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று, பெட்டியில் புகார் போட்டுப் பார்த்த பெண்களைக் கேளுங்கள்.

பெண்கள் என்றவுடன் மில் விடுதிகளின் ஞாபகம் வருகிறது. நம்முடைய ஜில்லாக்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்தது. வயசுக்கு வந்த பெண்ணை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, அவள் சம்பளத்திலேயே ஒரு பாகத்தைப் பிடித்து வைத்து, கடைசியில் மொத்தமாகக் கொடுப்பது. நடுவில் உடம்பு சரியில்லை என்று வந்துவிட்டால் அந்தப் பணம் கிடைப்பது சந்தேகம். பெயரைப் பார்த்தீர்களா? கூலியை நிறுத்தி வைப்பதற்குச் சுமங்கலி என்று பெயர்! 1961இல் வரதட்சணை குற்றமென்று சட்டம் செய்த தேசத்தில், வரதட்சணைக்குப் பணம் சேர்த்துத் தருகிறோம் என்று ஊர் ஊராக நோட்டீசு போட்டு ஆள் பிடித்தார்கள். பெயர் கெட்டுப்போன பிறகு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களில் எத்தனை பேரைச் சங்கங்கள் உறுப்பினராகச் சேர்த்தன? விடுதி வாசலில் காவல்காரன் நின்றான் என்பது ஒரு காரணம். ‘அது நாளைக்குக் கல்யாணமாகிப் போகிற பெண், அதனிடம் என்ன சந்தா?’ என்பது இன்னொரு காரணம். முதல் காரணம் முதலாளியுடையது. இரண்டாவது நம்முடையது.

இப்போது சட்டத்துக்கு வருவோம், சுருக்கமாகவே சொல்லுகிறோம். 1926ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்துக்கு, 2020இல் செய்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கிறது. அதன்படியும் ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கத்தைப் பதிவுசெய்ய விண்ணப்பம் கொடுக்கலாம். ஆனால் அந்த இடத்துத் தொழிலாளரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது நூறு பேர், இரண்டில் எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினராக இருக்கவேண்டும். ஒரே மில்லில் பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில் 51 சதவீதம் பேருடைய ஆதரவு உள்ள சங்கம் தனித்துப் பேசுகிற உரிமை பெறும். வேலைநிறுத்தத்துக்கு முன்கூட்டியே நோட்டீசு கொடுத்தாகவேண்டும். இது தொழிலாளிக்குக் கையைக் கட்டுவதா இல்லையா என்று தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேசலாம். கட்டுவதுதான் என்பது நம் அபிப்பிராயம். வெளியார் நிர்வாகிகளாக வருவதற்கு 2001ஆம் வருஷத்துத் திருத்தத்திலேயே வரம்பு வைத்துவிட்டார்கள்: மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதற்குமேல் கூடாது. மற்ற நிர்வாகிகள் வேலைசெய்கிறவர்களாகவே இருக்கவேண்டும். ஆக, தலைவர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியாள் வரட்டும் என்று காத்திருப்பதற்குச் சட்டமும் இனி நமக்குச் சாக்கு இல்லை.

ஏலத்தோட்டத்துக்குப் போகிற தாய்மார்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சங்கமே இல்லை. குடியிருப்பது தமிழ்நாடு, கூலி கேரளம், நடுவில் ஜீப்பு. காய் எடுத்த எடையும் நாளும் ஜீப்புக்காரர் நோட்டில். நோட்டு அவர் பையில். மெட்டு ரோட்டில் கவிழ்ந்தால் எந்த சர்க்கார் கேட்கும் என்று கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று கை காட்டும். உங்களுடைய ஒரு ஜீப்பில் எத்தனை பேர் போகிறீர்கள்? ஏழு பேருக்குக் குறைவாக ஒரு ஜீப்பும் மலை ஏறுவதில்லை என்பது போலீசாருக்கே தெரியும். விண்ணப்பத்துக்கு வேண்டிய ஏழு கையெழுத்து ஒரே வண்டியில் தினமும் போய் வந்துகொண்டிருக்கிறது. பதிவுக்கு முன்னே செய்யக்கூடியது ஒன்று: ஒவ்வொரு ஜீப்பிலும் ஒரு பெண் தன் கையில் தனி நோட்டு வைத்துக்கொள்ளட்டும். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு ஏறினோம், எவ்வளவு எடை, எவ்வளவு கூலி. எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ராத்திரி எழுதிக் கொடுக்கும். இரண்டு நோட்டு இருக்கிறது என்று தெரிந்தாலே முதல் நோட்டு ஒழுங்காகிவிடும்.

மில் தோழர்களுக்கு ஒன்று. இந்த மாதச் சந்தா கேட்டு வருகிறவரிடம் பணத்தைக் கொடுங்கள். நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் முதலாளிதான் சந்தோஷப்படுவான். கொடுத்துவிட்டு, ரசீதும் போன வருஷத்து வரவு செலவும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கலகக்காரன் என்பார்கள். இருபது பேர் ஒரே நாளில் கேட்டால் எழுதிக்கொண்டு வருவார்கள். கூட்டிப் பெருக்குகிற பெண்ணின் பெயர் உறுப்பினர் புத்தகத்தில் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

தலைவர் மணியைக் காட்டுகிறார். அடுத்த கூட்டத்துக்கு நாளும் இடமும் குறிக்கவேண்டியிருக்கிறது. கோயில் மண்டபத்தில் வைக்கலாம் என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அங்கே உட்காரத் தயங்குகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், ஆகையால் வேண்டாம். இதே கொட்டகை போதும். சாயங்காலம் ஆறு மணி என்றால் ஜீப்பு திரும்பி வந்திராது. எட்டு மணிக்கு வையுங்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் சோறாக்குவது யார் என்பதை ஆண் தோழர்கள் இப்போதே எழுந்து நின்று சொல்லிவிட்டால், தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.